சும்மா கிடக்கும் நேரம்

எங்கள் சித்தப்பாவுக்கு இருபத்தேழு வயதில், யாரோ தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதுபோலக் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. கோயில், மந்திரிப்பு, தாயத்து எல்லாம் முடிந்து ஒருவழியாக மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மனச்சிதைவு என்றார்கள். மாத்திரை ஆரம்பித்த ஏழெட்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. வீடே பெருமூச்சு விட்டது. சித்தப்பா திண்ணையில் வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

காலையில் உட்காருவார். வெயில் திண்ணையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். அவரும் கூடவே கொஞ்சம் நகருவார். குளிக்கச் சொன்னால் அப்புறம் என்பார். ஆத்தா சோற்றைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைப்பாள், தட்டையும் அவளே எடுத்துப் போவாள். நோய்தான் குணமாகிவிட்டதே, இன்னும் ஏன் இப்படி என்பது ஊரார் கேள்வி. உடம்பு வணங்காதவன் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் பள்ளிக்கூடப் பையனாக அதையேதான் நம்பினேன். அந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறு என்று புரிய எனக்கு இருபது வருடம் பிடித்தது.

மனச்சிதைவுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இல்லாத குரல் கேட்பது, யாரோ சதி செய்வதாக நம்புவது, தொடர்பில்லாமல் பேசுவது என, இருக்கக் கூடாதவை வந்து சேர்வது ஒரு முகம். ஊர் இதைத்தான் பார்க்கிறது, பயப்படுகிறது. இன்னொரு முகம், இருக்க வேண்டியவை உதிர்ந்துபோவது. செய்ய வேண்டும் என்ற உந்துதல் போகும், பேச்சு குறையும், முகத்தில் ஓட்டம் இருக்காது, மனிதர்களைத் தேடிப் போகத் தோன்றாது. மருத்துவம் இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறது. 1950களில் வரத்தொடங்கிய மருந்துகள் முதல் முகத்தை நன்றாகவே அடக்குகின்றன. இரண்டாவதை அவை பெரிதாக அசைப்பதில்லை. ஆக, சித்தப்பா குணமாகிச் சோம்பேறி ஆகவில்லை. நோயின் பாதி போயிருந்தது, மீதிப் பாதி திண்ணையில் உட்கார்ந்திருந்தது.

உந்துதல் ஏன் போகிறது என்பதைப் பற்றி ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கும் ஒன்று, வீட்டில் இருப்பவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது. இந்த நோய் உள்ளவர்களுக்கு இன்பமே தெரியாது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் அப்படியில்லை. சூடான டீயைக் கையில் கொடுத்தால் மற்றவர்களைப் போலவே ரசித்துக் குடிக்கிறார்கள். குறை வேறிடத்தில் இருக்கிறது. இனி வரப்போகும் டீ நன்றாக இருக்கும் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் சக்தி மங்கிவிடுகிறது. நம்மைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்புவது அந்த முன்நினைப்புதான். அது இல்லாதவரிடம் போய் "டீக்கடைக்கு வருகிறாயா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். அதைக் கேட்டு நாமும் விட்டுவிடுகிறோம். செருப்பை எடுத்துப் போட்டுவிட்டு "வா, போய்விட்டு வருவோம்" என்று கூடவே நடந்தால் பத்தில் ஐந்து தடவையாவது வருவார்கள்; போன பிறகு பிடித்தும் இருக்கும். மனசு வரட்டும், பிறகு செய்யட்டும் என்று காத்திருப்பது இங்கே தலைகீழ்க் கணக்கு. செய்த பிறகுதான் மனசு வரும், அதுவும் மெதுவாக. மனச்சோர்வுக்குத் தரப்படும் செயல்வழிச் சிகிச்சைகளும் இதே இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

சும்மா இருப்பதே ஒரு நோய்க்காரணி என்பதை ஆதாரத்தோடு காட்டியவர்கள் ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு ஆங்கிலேய ஆய்வாளர்கள். 1960களில் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நீண்டகாலமாக இருந்த மனச்சிதைவுப் பெண் நோயாளிகளை அவர்கள் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். ஒரு நோயாளியிடம் சொந்தமாகச் சீப்பு இருக்கிறதா, வெளியே போகிறாரா, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எதுவும் செய்யாமல் இருக்கிறார் என்றெல்லாம் கணக்கெடுத்தார்கள். 1970இல் வெளிவந்த அவர்களது முடிவு எளிமையானது. நோயாளிகளின் முன்னேற்றத்தோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து நின்றது, சும்மா கழிக்கும் நேரம் குறைந்ததுதான். வெறுமையான சூழல் நோயை ஆழப்படுத்துகிறது, ஆழப்பட்ட நோய் மனிதரை இன்னும் வெறுமைக்குள் தள்ளுகிறது. ஆய்வு மருத்துவமனைகளைப் பற்றியது. அதே வெறுமையை ஒரு திண்ணையிலும் உண்டாக்க முடியும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

இவ்வளவு தெரிந்தவுடன் சில குடும்பங்கள் மறுநாளே கால அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுகின்றன. ஐந்தரைக்கு எழ வேண்டும், ஆறுக்கு நடைப்பயிற்சி, ஏழுக்கு யோகா. அந்தத் தாள் ஒரு வாரம் தாங்காது. உந்துதல் தவிர இன்னொன்றையும் இந்த நோய் தொட்டுவிடுகிறது. கவனம், நினைவு, ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடுவது எல்லாம் தளர்ந்துபோகின்றன. நமக்கு "டீ போடுவது" ஒரே வேலை. எண்ணிப் பார்த்தால் பாத்திரத்தைத் தேடுவது, தண்ணீர் அளப்பது, அடுப்பைப் பற்றவைப்பது, தூள் போடுவது, பால் பொங்கும் முன் தணலைக் குறைப்பது, அடுப்பை அணைப்பது, வடிகட்டுவது என்று ஏழெட்டுப் படிகள். நடுவில் ஏதோ ஒரு படியில் சங்கிலி அறுந்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. முதல் மாதம் வடிகட்டுவதை மட்டும் அவரிடம் விடலாம். அது கைக்குப் பழகிய பிறகு அதற்கு முந்தைய படியைச் சேர்க்கலாம். கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பதில் ஒரு நன்மை உண்டு. தொடங்கிய முதல் நாளே அவர் கையால் ஒரு டம்ளர் டீ முடிந்து நிற்கும்.

இந்த வழியில் அமெரிக்காவின் டெக்சாஸில் டான் வெலிகன் என்ற உளவியலாளரின் குழு வெகுதூரம் போயிருக்கிறது. மூளையைத் திருத்துவதற்குப் பதிலாக வீட்டைத் திருத்துவது அவர்களது முறை. ஒருவர் உடை மாற்றுவதில்லை என்றால் அவர் எந்த ரகம் என்று முதலில் பார்க்கிறார்கள். தொடங்கவே முடியாத ரகம் என்றால் கண்ணில் படும்படி அட்டை, அலாரம், அந்தந்த நாளுக்கான உடுப்பைத் தனித்தனிப் பையில் போட்டுக் கிழமை எழுதி வைப்பது. எதைக் கண்டாலும் அதிலே இறங்கி, மூன்று சட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்ளும் ரகம் என்றால் நேர்மாறு. அலமாரியைக் காலி செய்து ஒரே ஒரு செட்டை மட்டும் வெளியே வைப்பது. இருவருக்கும் சிக்கல் உடை மாற்றுவதில்தான், வைத்தியம் மட்டும் எதிரெதிர். நம் வீடுகளுக்கு இதில் செலவே கிடையாது. குளியலறைக் கதவில் துண்டும் மாற்றுத்துணியும் தொங்கவிடலாம். மாத்திரைப் பெட்டியைப் பல்துலக்கும் பிரஷ்ஷின் பக்கத்தில் வைக்கலாம். கடைக்கு அனுப்பும்போது வாங்க வேண்டியதைச் சீட்டில் எழுதி, சரியான சில்லறையைக் கையில் கொடுக்கலாம்.

மாத்திரை பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. பகல் முழுக்கத் தூங்கிவழிவது எல்லா நேரமும் நோயின் வேலை அல்ல. சில மருந்துகள் கண்ணை அமுக்கும். சில, கை கால்களை மரக்கட்டைபோல இறுக்கும். சில, ஒரு நிமிடம் உட்கார முடியாமல் நடக்கவைக்கும். காலையில் எழவே முடியவில்லை, கை நடுங்குகிறது என்று மருத்துவரிடம் சொன்னால் வேளையை மாற்றுவார், அளவைக் குறைப்பார், அல்லது வேறு மருந்து பார்ப்பார். சொல்லாமல் வீட்டிலேயே நிறுத்துவதுதான் ஆபத்து. எங்கள் வீட்டில் அப்படி ஒரு தடவை நிறுத்திப் பார்த்தோம். மூன்றாவது மாதம் குரல்கள் திரும்பி வந்தன. நோய் முற்றிக் கொந்தளிக்கும் நாள்களில் வேலை எதையும் சுமத்தாமல் அமைதியாக விடுவதே நல்லது. நான் சொல்லும் முயற்சிகள் எல்லாம் கொந்தளிப்பு அடங்கிய பிறகான நீண்ட காலத்துக்கு.

குடும்பத்தின் பங்கு தனியே பேச வேண்டியது. மேலே சொன்ன ஜார்ஜ் பிரவுனே இதிலும் முன்னோடி. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குத் திரும்பியவர்களில் யாருக்கு நோய் மீண்டும் வருகிறது என்று தேடியவர்கள், வீட்டில் நிலவும் பேச்சின் தன்மைக்கு அதில் பங்கு இருப்பதைக் கண்டார்கள். குத்திக்காட்டும் பேச்சும் வெறுப்பும் கெடுதல் என்பது யாரும் ஊகிக்கக்கூடியது. பட்டியலில் இருந்த மூன்றாவது காரணம்தான் நம்மைக் குத்துகிறது. அளவு மீறிய அரவணைப்பு. பிள்ளைக்கு முடியாது என்று எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது, அவருக்காகத் தன் வாழ்க்கையையே நிறுத்திக்கொள்வது. எங்கள் ஆத்தாவின் அன்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தட்டை அவள் எடுத்துப் போன ஒவ்வொரு வேளையும், சித்தப்பா எழுந்து கிணற்றடிவரை போக இருந்த ஒரு காரணம் குறைந்தது. திட்டிய பெரியப்பாவும் தாங்கிய ஆத்தாவும் எதிரெதிர் கட்சியாகச் சண்டை போட்டார்கள். விளைவு மட்டும் இரண்டுக்கும் ஒன்று. அதற்காகத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. நாள் முழுக்க ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, மகன் தட்டைக் கழுவும்வரை அரை மணி நேரம் காத்திருப்பதைவிடத் தானே கழுவிவிடுவது மலிவு. அவளுக்கும் மாற்றாள் வேண்டும், ஓய்வு வேண்டும்.

அன்றாடக் காரியங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை அரசாங்கத்தின் அளவுகோலே ஒப்புக்கொள்கிறது. மனநோயால் வரும் ஊனத்துக்குச் சான்றிதழ் தர இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் உருவாக்கிய 'ஐடியாஸ்' என்ற அளவுகோல் பயன்படுகிறது. அதில் குரல் கேட்கிறதா என்ற கேள்வியே கிடையாது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 4 வரை மதிப்பெண். எத்தனை வருடமாக நோய் என்பதற்கு இன்னொரு 4. மொத்தம் 20க்கு 7 வந்தால் 40 விழுக்காட்டு ஊனம் என்று கணக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு வேலை இடஒதுக்கீட்டில் அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் போன்றவற்றோடு சேர்த்து ஒரு விழுக்காட்டில் இவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் இந்தச் சான்றிதழை வாங்கவே பலர் தயங்குகிறார்கள். வாங்கியவர்களும் பீரோவுக்குள் பூட்டி வைப்பதுண்டு.

தமிழ்நாட்டில் இந்தச் சிந்தனைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் எம். சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். ரொட்டி சுடுவது, நெசவு என்று நோயாளிகள் கைத்தொழில் செய்யும் தொழிற்சிகிச்சை மையம் அவர் காலத்து முயற்சி. ஓய்வு பெற்ற பிறகு 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். மருந்தோடு மறுவாழ்வும் சேர வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஆனாலும் மறுவாழ்வு மையங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கே போனாலும் காகித உறை ஒட்டுவது, மெழுகுவத்தி ஊற்றுவது, ஊதுவத்தி உருட்டுவது. யாருக்கும் தேவைப்படாத உறைகள் மூலையில் குவிந்து கிடக்கும். அருகில் போய்ப் பார்த்த ஒரு மையத்தில், முன்பு கணக்காளராக இருந்த ஒருவர் நான்கு வருடமாக உறை ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த மையத்தின் வரவுசெலவுக் கணக்கை எழுத வெளியிலிருந்து ஆள் வந்துபோனார். கையைச் சும்மா வைத்திருக்காமல் இருக்கிறாரே என்று திருப்திப்பட்டுக்கொள்ளலாம். அது நேரத்தைக் கொல்வது. நாம் இன்று வரவில்லையென்றால் யாராவது தேடுவார்கள் என்ற நிலை இருந்தால்தான் அது வேலை. கீழ்ப்பாக்கத்து ரொட்டியைச் சாப்பிட ஆள் இருந்தது. அந்த வித்தியாசம் சிறியதல்ல.

இதே கருத்தை வீட்டுக்குள் கொண்டுபோனது 'பான்யன்' அமைப்பு. வீடற்று, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய இல்லம் அது. சிகிச்சைக்குப் பிறகும் போக இடமில்லாமல் வருடக்கணக்கில் இல்லத்திலேயே தங்கிவிடுகிறவர்கள் சேர்ந்துகொண்டே போனார்கள். 2015இல் அவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, ஊருக்குள் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைக்க ஆரம்பித்தார்கள். துணைக்கு ஒரு பணியாளர். இல்லத்தில் மணியடித்தால் சோறு வரும். வீட்டில் அப்படி வராது. அரிசி தீர்ந்ததா என்று யாராவது பார்க்க வேண்டும். வாசல் தெளிக்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரி பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டும், இன்று குழம்பா ரசமா என்று சண்டை போட வேண்டும். பயிற்சி வகுப்பில் எவ்வளவு முயன்றாலும் வராத பல காரியங்கள், தேவை வந்தபோது தாமே வந்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சமூகத்தில் வாழ்வதை ஓர் உரிமையாகவே சொல்கிறது. அந்தப் பிரிவுக்கு உருவம் கொடுத்தால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு ஊருக்கும் மனநல மருத்துவர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேச அவருக்கு நேரமிருக்காது. அந்த இடைவெளியை உள்ளூர்ப் பணியாளர்களால் நிரப்ப முடியுமா என்று ஒரு பெரிய ஆய்வு நடந்தது. காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, மகாராஷ்டிரத்தின் சத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். மற்றவர்களுக்கு மருத்துவத்தோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் ஓராண்டு வீட்டுக்கே போய் மாத்திரை, குடும்பம், குளியல், வெளியே போவது, வேலை என்று பேசிப் பழகினார். 2014இல் வெளியான முடிவில், வீட்டுக்கு ஆள் போனவர்களிடம் நோயும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்திருந்தன. அதிசயம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது கிராமப்புறமான காஞ்சிபுரத்தில்தான். வேறு வசதியே இல்லாத இடத்தில் கதவைத் தட்டும் ஒரு மனிதருக்கு மதிப்பு அதிகம்.

சம்பள வேலையைப் பொறுத்தவரை ஒரு பழைய நம்பிக்கை உடைந்திருக்கிறது. முதலில் பயிற்சி, பிறகு பாதுகாப்பான பட்டறை, முழுக்கத் தயாரான பிறகு வெளியுலகம் என்பது நெடுநாள் வழக்கம். அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் இருவரும் 1990களில் அதைக் கவிழ்த்தார்கள். வேலை வேண்டும் என்று ஒருவர் சொன்னால் நேராக உண்மையான வேலையைத் தேடிக் கொடு, பிறகு கூடவே இருந்து தாங்கிப் பிடி என்றார்கள். தயாராகிவிட்டாரா என்ற பரீட்சை கிடையாது. பல நாடுகளில் சோதித்தார்கள். பழைய முறையில் வேலைக்குப் போனவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்குப் பேர் இந்த முறையில் வேலைக்குப் போனார்கள். காத்திருக்கும் அறையில் பல வருடம் உட்கார்ந்தவருக்குக் காத்திருக்கத்தான் தெரியும்.

சித்தப்பாவுக்கு இது தற்செயலாக அமைந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாவு மில். எடை போடும் பையன் நின்றுவிட்டான். மில்காரர் திண்ணைப் பக்கம் வந்து, ஆள் கிடைக்கும்வரை பத்து நாள் வந்து எடை மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டார். சித்தப்பா முடியாது என்றார். மில்காரர் மறுநாளும் வந்தார். நான்காம் நாள் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். காலையில் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் அவராலும் முடியாது, மில்காரரும் இருத்திக்கொள்ளவில்லை. மாவுத்தூசி படிந்த உடம்போடு வந்தால் குளிக்காமல் இருக்க முடியாது என்பதால் குளியல் பிரச்சினை தானாகத் தீர்ந்தது. பத்து நாள் ஒன்பது வருடம் ஆனது. நடுவில் இரண்டு தடவை நோய் முற்றி மருத்துவமனைக்குப் போனார். திரும்பி வந்தபோது தராசு அவருக்காக இருந்தது.

ஒருநாள், கேழ்வரகில் அரைக் கிலோ குறைகிறது என்று ஒரு அம்மாள் சத்தம் போட்டிருக்கிறார். சித்தப்பா ஒன்றும் பேசாமல் மூட்டையை மறுபடி தராசில் ஏற்றி, படிக்கல்லை ஒவ்வொன்றாக அவர் கண்முன் எடுத்து வைத்துக் காட்டியிருக்கிறார். எடை சரியாக இருந்தது. மதியம் வீட்டுக்கு வந்து அதை ஆத்தாவிடம் சொன்னார். சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து இன்னொரு தடவையும் சொன்னார்.